60 பேர் வந்த கூட்டம் 7 பேராகச் சுருங்கிய பிறகு

காங்கேயம் பக்கத்து ஊராட்சி ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். போன ஐப்பசியில் ஊரில் டெங்கு வந்தது. ஊராட்சித் தலைவர், மகளிர் குழுக்கள், தறிக்காரர்கள், மருந்துக்கடைக்காரர்கள், பள்ளித் தலைமையாசிரியர், டவுனிலிருந்து ரோட்டரிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நலவாழ்வுக் கூட்டமைப்பைத் தொடங்கினீர்கள். முதல் கூட்டத்துக்கு 60 பேர் வந்தார்கள், ஆறாவது கூட்டத்துக்கு 7 பேர். ஆட்களை மறுபடி வரவழைக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி வைத்திருக்கிறீர்கள்: "இதனால் ஊருக்குப் பயன் உண்டா, அல்லது கலைத்துவிடலாமா?" உங்கள் உண்மையான கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது.

நான் சுகாதார ஆய்வாளராக 30 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்ல. காங்கேயம் ஈரோடு மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே, அதாவது 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாவதற்கு முன்பே, உங்கள் பக்கத்து ஊர்களில் கையில் டார்ச்சோடு கொசுப்புழு தேடி அலைந்தவன். இந்த மாதிரிக் குழுக்கள் ஒரு பதினைந்து தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் உருப்படியாக வேலை செய்தவை நான்கோ ஐந்தோ. அந்த அனுபவம் ஒரு பக்கம், இதைப் பற்றி நடந்த ஆய்வுகள் ஒரு பக்கம். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகின்றன, சில இடங்களில் ஒத்துப்போவதில்லை. எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கவலைக்கு ஒரு வார்த்தை. 60 பேர் 7 பேராவது இயல்பு. முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பயத்தில் வந்தவர்கள், மீதிப்பேர் தலைவர் கூப்பிட்டதற்காக வந்தவர்கள். காய்ச்சல் அடங்கியதும் பயமும் அடங்கியது. அந்த 7 பேர் யார், இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் உள்ள முப்பது நாளில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்தவரை ஒரு கூட்டமைப்பின் உயிர் அந்த முப்பது நாளில்தான் இருக்கிறது. கூட்டத்தில் இருப்பது டீயும் பிஸ்கட்டும் தீர்மான நோட்டும்.

நான் கண்டவற்றில் மிகச் சிறப்பாக நடந்த கூட்டு முயற்சி போலியோ சொட்டு மருந்து நாள். இந்தியாவில் அது 1995இல் தொடங்கியது. ரோட்டரி, லயன்ஸ், சத்துணவுப் பணியாளர்கள், கல்லூரி மாணவர்கள், பஸ் நிலையத்துப் பூக்கடைக்காரர் வரை அதில் இருந்தார்கள். ஒருவருக்கும் கொள்கை விளக்கம் தேவைப்படவில்லை. எந்தச் சாவடி, எந்தத் தெரு, எத்தனை குழந்தை, ஐஸ் பெட்டியை யார் தூக்குவது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். மறுநாள் வீடு வீடாகப் போய், எல்லாக் குழந்தைக்கும் போட்டாயிற்று என்றால் கதவில் சாக்பீஸால் 'பி' என்று எழுதுவோம், விட்டுப்போயிருந்தால் பெருக்கல் குறி போடுவோம். சாயங்காலம் தெருவைத் திரும்பிப் பார்த்தாலே மிச்ச வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும். நாட்டின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார், 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பின்னால் அரசின் பெரும் இயந்திரமும் தடுப்பு மருந்தும் இருந்தன, உங்கள் ஊர்க் கூட்டமைப்புக்கு அவை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாக்பீஸ் குறியை நீங்கள் இரவல் வாங்கலாம். அதே ஆட்களை வைத்து ஒரு வட்டாரத்தில் சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் குழு தொடங்கினார்கள். நான்கு மாதத்தில் காணாமல் போனது. திங்கட்கிழமை காலையில் யார் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒருவருக்கும் தெரியவில்லை.

உங்கள் பிரச்சினை டெங்கு என்பதால், நான் உள்ளேயே இருந்து பார்த்த ஒரு குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். விசைத்தறி ஊர். தண்ணீர் பத்து நாளுக்கோ பன்னிரண்டு நாளுக்கோ ஒரு முறை வரும், அதுவும் எந்த நாள் என்று சொல்ல முடியாது. ஆகவே வீட்டுக்கு வீடு மூன்று நீல டிரம், ஒரு சிமெண்ட் தொட்டி, வாசலில் அண்டா, குடம், பழைய பெயிண்ட் வாளி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை, இப்படி நிற்கிற நல்ல தண்ணீர்தான் அதற்குத் தொட்டில். டிரம்முக்குள் டார்ச் அடித்தால், மேலே தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். சற்றுப் பொறுத்தால் மூச்சுக்காக மறுபடி மேலே வரும். அதற்குள் கண் பழகிவிடும், எண்ணிவிடலாம்.

எண்ணிவிட்டு என்ன செய்வோம்? டிரம்மைக் கவிழ்ப்போம். ஒரு வீட்டில் நான் டிரம்மில் கை வைத்ததும் ஒரு பாட்டி குறுக்கே வந்து நின்றுவிட்டார். "ஏனுங்க, நீங்கள் கொட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அடுத்த தண்ணீர் வருவதற்குள் என் பேத்தி எதில் குளிப்பாள்? நீங்கள் சுமந்துகொண்டு வந்து ஊற்றுவீர்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கையில் இருந்த துண்டுப் பிரசுரத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் நீரைத் தேக்கி வைக்காதீர் என்று அச்சடித்திருந்தது.

அந்த ஊரில் அப்போது ஒரு குழு இருந்தது, உங்களுடையதைப் போலவே. முதல் மூன்று கூட்டத்தில் உறுதிமொழி, பேரணி, புகை அடிக்கும் இயந்திரம் வாங்க வசூல். புகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். ஏடிஸ் பெரும்பாலும் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். தெருவில் அடிக்கிற புகை அதன் மீது படுவது அரிது, டிரம்மில் இருக்கும் புழுவுக்கோ ஒன்றுமே ஆகாது. காய்ச்சல் பரவும்போது நாங்களும் அடித்திருக்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் போட்டோவில் நன்றாக விழுகிறது என்பதற்காகவே ஊர்ப் பணம் எவ்வளவோ புகையாகப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது கூட்டத்துக்கு பால் சொசைட்டி எழுத்தர், இன்னொருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். அதுவரை அவரை அழைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படி ஓரத்தில் நின்றார், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. பாட்டி கேட்ட கேள்வியை நான் கூட்டத்தில் சொன்னேன். அவர் மெதுவாக, "நாள் குறித்துவிட்டால் அந்த நாளில் திறக்கலாம், ஆனால் மேட்டுத் தெரு வால்வு பழுதாகி ஒன்றரை வருடமாகிறது, அந்தத் தெருவுக்குத் தனியாகத் திறக்க முடியாததால்தான் எல்லாருக்கும் முறை தவறுகிறது" என்றார். மூன்று கூட்டமாக நாங்கள் கொசுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பிரச்சினை ஒரு வால்வில் இருந்தது.

வால்வை மாற்றினார்கள். தெருவுக்கு ஒரு கிழமை என்று முறை வைத்து ரேஷன் கடைச் சுவரில் எழுதினார்கள், தண்ணீர் வாரம் ஒரு முறை வரத் தொடங்கியது. தண்ணீர் நாளுக்கு முந்தின சாயங்காலம் டிரம்மில் மிச்சமிருக்கும் தண்ணீரைத் துணி துவைக்கவும் மாட்டுக்கும் செலவழித்துவிட்டு, உள்ளே தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவச் சொன்னோம். தேய்ப்பதுதான் முக்கியம். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி நீர் பட்டதும் பொரியும். வெறுமனே கவிழ்த்தால் அவை அங்கேயே இருக்கும். நம் பக்கத்து வெயிலில் முட்டை கொசுவாக எட்டு முதல் பத்து நாள் ஆகும். ஏழு நாளுக்கு ஒரு முறை தேய்த்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும். தண்ணீர் தவறாமல் வரும் என்ற நம்பிக்கை வந்த பிறகு டிரம்மைக் காலி செய்ய ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. அந்தப் பாட்டி உட்பட.

டிரம்முக்கு மூடியும் தைத்தார்கள். ஒரு பனியன் கம்பெனிக்காரர் வேஸ்ட் துணி கொடுத்தார். ஓவர்லாக் ஓட்டும் பெண்கள் விளிம்பில் எலாஸ்டிக் வைத்து, தலைக்குக் குல்லா மாதிரி தைத்துக் கொடுத்தார்கள். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இறுக்கமாக இருந்தால்தான் மூடி, தளர்ந்துவிட்டால் கொசுவுக்கு நிழல். இரண்டாம் மாதத்தில் எலாஸ்டிக் தொய்ந்த மூடிகளுக்குக் கீழே முன்பைவிட அதிகமாகப் புழு பார்த்தேன். ஆகவே மூடியை நான் பாதி வெற்றி என்றே சொல்வேன்.

எங்கே தோற்றோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஊரின் தெற்குக் கோடியில் லைன் வீடுகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள், அறைக்கு ஐந்து பேர், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தொட்டி. அந்தத் தொட்டி யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே கழுவ ஆளில்லை. நாங்கள் தமிழில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வந்தோம். வீட்டு உரிமையாளர் வேறு தெருவில் குடியிருந்தார், அவரைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று எங்களுக்கு உறைக்க ஆறு மாதமாயிற்று. அங்கு மட்டும் புழு குறையவே இல்லை.

அந்த வருடம் ஊரில் காய்ச்சல் குறைந்தது. எங்களால்தான் குறைந்ததா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். டெங்கு மழையைப் பொறுத்தும், எந்த வகை வைரஸ் சுற்றுகிறது, ஊரில் எத்தனை பேருக்கு முன்பே வந்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்பதைப் பொறுத்தும் தானாகவே ஏறும், இறங்கும். பேரணி மட்டும் நடத்திய பக்கத்து ஊரிலும் அந்த வருடம் குறைந்தது. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: தண்ணீருக்கு நாள் குறித்த தெருக்களில் புழு இருந்த வீடுகள் குறைந்தன, லைன் வீடுகளில் குறையவில்லை. அதை நானே டார்ச் அடித்துப் பார்த்தேன்.

இனி ஆய்வுகள். டெங்குவில் நமக்குத் தெம்பு தரும் ஆய்வு நிகராகுவாவிலும் மெக்சிகோவிலும் நடந்தது. 150 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் அந்தந்தத் தெரு மக்களே புழுவைத் தேடி, கூடிப் பேசி, தங்களுக்கு ஒத்துவரும் வழியைத் தேர்ந்துகொள்ள உதவினார்கள். 2015இல் முடிவு வெளியானது. குழந்தைகளின் உமிழ்நீரில் பார்த்தபோது புதிய தொற்று அந்தப் பகுதிகளில் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. இங்கும் அதே அளவு குறையும் என்று சொல்ல முடியாது. நம் தண்ணீர்ப் பஞ்சமும் கட்டட நெருக்கமும் வேறு. ஆனால் ஊர் கூடினால் கொசு மட்டுமல்ல, நோயே குறையும் என்பதற்கு அது நல்ல சான்று.

உங்கள் 60, 7 கணக்குக்கு நேரடியாக விடை சொல்வது தாய்சேய் நல ஆய்வுகள். ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடி ஊர்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு பெண்கள் குழுக்களை மாதாமாதம் கூட்டி, எது நடந்து குழந்தை இறந்தது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று பேச வைத்தது. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 45 சதவீதம் குறைந்தது. வங்கதேசத்தில் ஏறக்குறைய அதே முறையைச் செய்தார்கள், பலனே தெரியவில்லை. இரண்டும் 2010இல் லான்செட் மருத்துவ இதழில் ஒன்றாகவே வெளிவந்தன. என்ன வேறுபாடு? ஜார்க்கண்டில் சுமார் 470 பேருக்கு ஒரு குழு, வங்கதேசத்தில் சுமார் 1,400 பேருக்கு ஒரு குழு. வங்கதேசத்தில் பிறகு குழுக்களை நெருக்கமாக அமைத்தபோது அங்கும் இறப்பு குறைந்தது. 2013இல் இப்படிப்பட்ட ஏழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கர்ப்பிணிகளில் குறைந்தது 30 சதவீதம் பேராவது குழுவுக்கு வந்த இடங்களில்தான் பெரும்பலன் கிடைத்தது என்று கண்டார்கள். ஆகவே மண்டபத்தில் எத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்தார்கள் என்று எண்ணாதீர்கள். டிரம் வைத்திருக்கும் எத்தனை வீடுகளுக்கு உங்கள் வேலை போய்ச் சேர்ந்தது என்று எண்ணுங்கள்.

கூட்டமைப்பு என்ற வடிவத்தையே சந்தேகப்பட வைக்கும் ஆய்வும் உண்டு. 1980களின் கடைசியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 இணை ஊர்களை எடுத்து, இணைக்கு ஓர் ஊரில் உள்ளூர்க் கூட்டமைப்பு மூலம் புகைப்பழக்கத்தைக் குறைக்க நான்கு ஆண்டு முயன்றார்கள். அதிகமாகப் பிடிப்பவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. குறைவாகப் பிடிப்பவர்களில் விட்டவர்கள் அந்த ஊர்களில் 30.6 சதவீதம், மற்ற ஊர்களில் 27.5 சதவீதம். இவ்வளவு உழைப்புக்கு மூன்று சதவீதம். பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு கடினம். அதனால்தான் விழிப்புணர்வு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சலிப்பு வரும். டிரம்மைத் தேய்க்க வேண்டும் என்பது அந்தப் பாட்டிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்குத் தேவைப்பட்டது தண்ணீர் வரும் நாள். ஒரு கூட்டமைப்பு நூறு பேருக்குப் புத்தி சொல்வதைவிட, நூறு பேருக்கும் பயன்படும் ஒரு வால்வையோ ஒரு பஸ் நேரத்தையோ மாற்றுவது எளிது. பலனும் நிற்கும்.

அப்படியானால் எந்தக் குழு நன்றாக நடக்கும்? 2006இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, திரும்பத் திரும்பத் தென்பட்டவை என்று ஆறைச் சொல்கிறது: எழுதி வைத்த விதிகள், நல்ல தலைமைப் பாங்கு, உறுப்பினர்கள் உண்மையாகவே பங்கெடுப்பது, பலதரப்பட்ட ஆட்கள், துறைகளுக்குள் ஒத்துழைப்பு, குழுவுக்குள் ஒட்டுதல். படித்தால் இது தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். தோன்றட்டும். அந்த ஆய்வுகளில் பல, குழு நன்றாக நடந்ததா என்பதை அளந்தவையே தவிர ஊரில் நோய் குறைந்ததா என்பதை அளந்தவை அல்ல. ஒற்றுமையாக நடந்து, ஒன்றும் சாதிக்காத குழுக்களும் உண்டு. இந்த ஆறையும் தேவை என்று எடுத்துக்கொள்ளுங்கள், போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விதி எழுதுவதைப் பற்றி உங்கள் ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாரியம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்து, கம்பம் நட்டதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை யார் யார் என்ன செய்வது என்று நோட்டுப் போட்டு நடத்துகிற ஊர். அந்த நோட்டின் ஒரு பக்கம் போதும்.

ஆனால் அந்தக் கோவிலிலேயே கூட்டம் போடாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கோவில் மண்டபத்தில் கூட்டம் என்றால் காலனிக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே என்பீர்கள். தடுக்கத் தேவையே இல்லாதபடி பழகிப்போன ஊர்கள் நம்முடையவை. சாக்கடை எங்கே அடைக்கிறது, எந்த வீட்டுக் கழிவு எங்கே தேங்குகிறது என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் பேசாத கூட்டத்தில் சுகாதாரம் பற்றிப் பேசி என்ன பயன்? அங்கன்வாடி, பள்ளி, ரேஷன் கடைத் திண்ணை என்று எல்லாரும் சகஜமாக நுழையும் இடம் பாருங்கள். பால் சொசைட்டியும் நல்ல இடம்தான், ஆனால் மாடு இல்லாதவர் அங்கே வருவதில்லை.

நேரமும் அப்படியே. நீங்கள் கூட்டம் போட்டது வார நாளில் காலை 11 மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் யார் வர முடியும்? அதிகாரிகள், கடைக்காரர்கள், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெண் இரவு எட்டரைக்குத்தான் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை கறிக்கடை, துணி துவைப்பு. ஞாயிறு நான்கு மணிக்கு அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணியில் பொன்னாடைக்கு இடமில்லை. நாற்பது நிமிடம் பொன்னாடை போர்த்திவிட்டு, நேரமின்மை காரணமாகத் தீர்மானங்களை வாசிக்காமலே நிறைவேற்றிய கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் ஒன்று போர்த்தினார்கள்.

தலைவர் யாராக இருந்தாலும் சரி, கூட்டங்களுக்கு நடுவில் நடந்து திரிய ஒரு ஆள் வேண்டும். நன்றாக நடந்த நான்கைந்து குழுக்களிலும் அப்படி ஒருவர் இருந்தார். பெரும்பாலும் ஐந்தாறு ஆண்டு மகளிர் குழுக் கணக்கு எழுதிய ஒரு பெண். யார் எதை ஒப்புக்கொண்டார், செய்தாரா என்று வீட்டு வாசலில் போய்க் கேட்பதுதான் அவர் வேலை. அவருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுங்கள். சேவை என்று சொல்லி ஏழைப் பெண்ணின் பெட்ரோலையும் போன் செலவையும் ஊர் சாப்பிடக் கூடாது. உங்கள் ஊரில் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர் இருப்பார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறவர். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி. அவரைக் குழுவில் சேருங்கள், ஆனால் உங்கள் வேலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் ஊராட்சியில் ஏற்கனவே ஒரு குழு காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005இல் தொடங்கியதிலிருந்து ஊர்தோறும் கிராம சுகாதாரக் குழு இருக்க வேண்டும், ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டுப்பாடற்ற நிதியும் அதற்கு உண்டு. எதற்குச் செலவிடலாம் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் குழு தொடங்கும் உற்சாகத்தில் பழைய குழுவின் கையில் இருக்கும் உரிமையை விட்டுவிடாதீர்கள். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டத்தில் ஒரு வால்வுக்குத் தீர்மானம் போடுவது, கூட்டமைப்பு பத்து முறை மனுக் கொடுப்பதைவிட வலுவானது.

எதை எண்ணுவது என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் எண்ணுங்கள். வாரம் ஒரு தெருவில் நூறு வீடு பார்த்து, எட்டு வீட்டில் புழு இருந்தால் 8 என்று ரேஷன் கடைப் பலகையில் தெருப் பெயரோடு எழுதுங்கள். எங்கள் துறையில் இதை வீட்டுக் குறியீடு என்போம். 5க்குக் கீழே இருந்தால் நல்லது என்று ஒரு வழக்கு உண்டு. அந்த 5 கல்வெட்டு அல்ல, அதற்குக் கீழே இருந்த ஊரிலும் டெங்கு வந்திருக்கிறது. ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்காரர் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஒரு முறை எழுதினோம், அடுத்த வாரம் ஏழு வீட்டில் கதவு திறக்கவில்லை.

பணம் தருகிறவர்களைப் பற்றி. தனியார் மருத்துவமனை ஒன்று இலவச முகாம் நடத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நடத்தட்டும். ஆனால் முகாமில் சர்க்கரை இருப்பதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர் மறுமாதம் மாத்திரைக்கு எங்கே போவார் என்று கேளுங்கள். "ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதித் தருகிறோம்" என்றால் முகாம் நடக்கட்டும். பதில் வேறு மாதிரி வந்தால் அது வாடிக்கையாளர் பிடிக்கும் கூட்டம்.

இதைவிடப் பெரிய சிக்கல், பிரச்சினைக்குக் காரணமானவரே உங்களோடு மேசையில் உட்கார்ந்திருப்பது. நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதன் குறுக்கே பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1990களில் சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கிணறு கெட்டது, மாடு குடிக்கவில்லை, கீழே நெடுந்தூரம் விவசாயம் போனது. எல்லாரையும் அரவணைக்கும் எந்தக் கூட்டமைப்பும் அதைத் தீர்க்கவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் கட்டி நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவுநீரை வெளியேவிடாத சுத்திகரிப்பு நடைமுறைக்கு வந்தது. அதனால் வேலை இழந்தவர்களின் துயரமும் சிறிதல்ல. நான் சொல்ல வருவது, எல்லாரும் ஒப்புக்கொள்ளும் காரியத்துக்கே கூட்டமைப்பு பொருந்தும் என்பதுதான். டிரம், தண்ணீர் நாள், தடுப்பூசி இவற்றுக்கு அது ஏற்ற வடிவம். ஒருவர் லாபத்தில் கை வைக்க வேண்டிய காரியம் என்றால் அதற்கு வேறு அமைப்பு வேண்டும், கூட்டமைப்பை அதில் இழுத்தால் இரண்டும் கெடும்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவை கொசு, தண்ணீர், தடுப்பூசி, காசநோய். குடிப்பழக்கம், தற்கொலை, மனநலம் என்று நீங்கள் அனுப்பிய வேலைப் பட்டியலில் கடைசியில் இருப்பவற்றில் நான் வேலை செய்ததில்லை. அவற்றுக்கு இந்த முறை அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். புழு எண்ணிக்கையைப் பலகையில் எழுதலாம், ஒரு வீட்டின் துக்கத்தை எழுத முடியாது. இப்போதைக்குப் பட்டியலில் டெங்குவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள்.

கலைத்துவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று மாதம் பாருங்கள். அந்த 7 பேரோடு தண்ணீர் திறப்பவரையும், லைன் வீட்டு உரிமையாளர் ஒருவரையும், காலனியிலிருந்து இரண்டு பேரையும், ஹிந்தி பேசத் தெரிந்த ஒரு தொழிலாளியையும் சேருங்கள். மற்ற 53 பேரைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். ஆளுக்கு ஒரே ஒரு காரியம் கேளுங்கள்: ஒருவரிடம் வால்வுக்குப் பணம், ஒருவரிடம் துணி, ஒருவரிடம் பலகை. வராதவர்களில் பலர் கேட்டால் செய்கிறவர்கள்தான். மூன்று மாதத்தில் ஒரு தெருவிலாவது எண்ணிக்கை இறங்கினால் தொடருங்கள். இறங்கவில்லை என்றால் மீதிப் பணத்தைக் கிராம சுகாதாரக் குழுவிடம் ஒப்படைத்துக் கணக்கை முடித்துவிடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. உயிரில்லாத குழுவைப் பெயருக்கு வைத்திருந்தால், அடுத்த ஐப்பசியில் காய்ச்சல் வரும்போது அதுதான் குழு இருக்கிறதே என்று ஊர் சும்மா இருந்துவிடும்.

உங்கள் ஊரில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் தொட்டிக்காரரிடம் போய் அதைக் கேளுங்கள். முடிந்தால் அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதை இங்கே எழுதினால், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.